வெள்ளைப் புடவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கோபம் வரும். எனக்கு வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். என் தங்கைக்கு வந்தால் யாருக்கும் தெரியாது. அவள் போட்டோவுக்கு நிற்க மாட்டாள், அவ்வளவுதான். அந்தக் கோபம் அவளுக்கு எட்டு வயதில் வந்து பதினாறு வருஷம் போகாமல் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளைப் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. பூசை முடிந்ததும் அம்மா எங்கள் இருவரையும் திண்டிவனம் கடைத்தெருவில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பாப்பா மூச்சுவிடாமல் நின்றாள். பாப்பா என்றுதான் இன்றைக்கும் அவளைக் கூப்பிடுகிறேன், அவளுக்கே இரண்டு பாப்பாக்கள் பிறந்த பிறகும். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. கவுனில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. மெழுகுவத்தியில் கட்டியிருந்த ரிப்பன்கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் கருப்பாக ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கண், கொஞ்சம் பல். என் தங்கையைக் காணோம்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஸ்டுடியோக்காரர் படத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பாப்பா கலரு அப்படிம்மா. அதுக்கு மெஷினு இன்னா பண்ணும்?"

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவருடைய கண்ணாடி மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாப்பா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மாட்டிய நாளிலிருந்து அவள் எந்தக் கேமரா முன்னாலும் நிற்கவில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோ அன்று அவளுக்குத் தவறாமல் வயிற்று வலி வந்துவிடும்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஹால் டிக்கெட் வேண்டும், ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ வேண்டும். இந்த முறை வேறு ஸ்டுடியோ. அதற்குள் ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, முகத்தை வெளுக்க வைக்கும் வித்தையும் வந்துவிட்டது. இந்த ஸ்டுடியோக்காரருக்குத் தாராள மனசு. மூக்கே காணாமல் போகிற அளவுக்கு வெளுத்துக் கொடுத்தார். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது யாரும்மா, உங்க அக்காவா?"

அறையே சிரித்ததாம். சாயங்காலம் வந்து இதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் அந்த ஆசிரியரை ஒரு மணி நேரம் திட்டினேன். அவள் அடுத்த நாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நர்ஸ் படிப்பு முடித்து விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். நான் அதற்குள் கல்யாணமாகி அதே தெருவில் குடியிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். போட்டோ எடுக்க ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். என் தங்கையை நன்றாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதை வாங்கியதற்கு உள்காரணம். அவளோ கடைக்கு வந்தால் கேமரா இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

முதலில் ஒரு வரன் வந்தது, கூட்டேரிப்பட்டிலிருந்து. போட்டோ கேட்டார்கள். தரகர் எங்களைக் கேட்காமலே அந்தப் பழைய ஹால் டிக்கெட் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, பாப்பா காபி கொண்டு வந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சே."

என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். நல்ல மனிதர், என்னைத் தெரிந்தவர். வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவதாக வந்தவர்தான் மாப்பிள்ளை. அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, பாப்பா வேலை பார்த்த வார்டில் இருந்திருக்கிறார்கள். பத்து நாள் அம்மாவைப் பார்க்க வந்தவர், பதினோராம் நாள் எங்கள் கோயில் ஃபாதரிடம் போய்ப் பேசியிருக்கிறார். இங்கே போட்டோ கொடுக்கலாமா வேண்டாமா என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் போட்டோ கேட்கவே இல்லை. "அதான் நேர்ல பாத்துக்கினு இருந்தேனே" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் நான் இன்றுவரை குரலை உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய சந்தர்ப்பங்கள் வந்தன, இருந்தாலும் உயர்த்தவில்லை.

கல்யாணத்துக்குப் போட்டோவே வேண்டாம் என்றாள் பாப்பா. அம்மா அழுதாள். மாப்பிள்ளை "அவங்க இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். வெள்ளை யூனிஃபார்மோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை முகத்தை என் பக்கம் வைத்து உட்கார்ந்தாள்.

"நீ எடுத்தா நிக்கிறேன்க்கா."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா போட்டோல நான்தான் இருக்கணும். கரியும் வேணாம், சுண்ணாம்பும் வேணாம். பாக்கறவங்களுக்கு அது நான்னு தெரியணும்."

"இது ஒரு பெரிய விஷயமா பாப்பா? நான் பாத்துக்கறேன்" என்றேன். அது பெரிய விஷயம்தான் என்று நிச்சயதார்த்தத்தன்று தெரிந்தது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போட்டோ எடுத்ததும் எல்லோரும் கேமராவின் பின்பக்கத் திரையில் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு "கருப்பா இருக்கேனே, இன்னொண்ணு எடுங்க" என்பார்கள். பேஜாராகப் போனதால் ஒருநாள் திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்தேன். படத்தில் ஒரு மாற்றமும் இல்லை, திரைதான் பளிச்சென்று எரியும். அன்றிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அப்புறம் அதை இறக்க வேண்டும் என்ற ஞாபகமே எனக்கு வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு நான் வைத்த பொறியில் கடைசியில் நானே போய் விழுந்தேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் பங்குக் கோயிலின் மண்டபத்தில் நடந்தது. ஒரே ட்யூப் லைட் வெளிச்சம். நான் கை வலிக்கும் வரை எடுத்தேன். திரையில் ஒவ்வொரு படமும் ஜொலித்தது. மோதிரம் மாற்றிய பிறகு பாப்பா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இதுல நான் இருக்கேன்."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றினேன். அவள் புடவைகூட மாற்றாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். முதல் படம் திறந்தது. மண்டபத்துச் சுண்ணாம்புச் சுவர் இருந்தது, சந்தன நிறத்தில் அவள் புடவை இருந்தது, மேலே மறுபடியும் அந்தக் கருப்பு வட்டம். இரண்டாவது படம், மூன்றாவது படம், எல்லாம் அப்படியே.

"வெளிச்சம் கம்மி போலக்கா. விடு" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. கத்தியிருந்தால் நானும் கூடக் கத்தியிருப்பேன். அந்த "விடு"தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் ஆபத்தை மோப்பம் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது கேமராதான். அதைக் கையில் எடுத்து, இருக்கிற பொத்தானையெல்லாம் குத்தினேன். அப்படிக் குத்தியதில் படம் சின்னதாகி ஓரத்துக்குப் போய், பக்கத்தில் ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு மேடு, பள்ளம், இன்னொரு மேடு. இதற்கு முன்னாலும் ஓரிரு முறை அது தெரியாமல் வந்திருக்கிறது. எஞ்சினியர் படித்தவர்களுக்கு எதுவோ என்று மூடிவிடுவேன்.

பாப்பா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஈசிஜி மாதிரி இருக்குது?"

"எனக்கு வர்ற கோபத்துக்கு ஈசிஜிதான் எடுக்கணும்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரைபடம் என்றால் அவள் விடமாட்டாள். நாள் முழுக்க யாருக்காவது காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் கோடு போட்டுப் பார்க்கிற வேலை. கேமராவோடு வந்த புத்தகத்தைப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

அதற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர். விஷயம் ஒன்றும் பிரமாதம் இல்லை. கட்டத்தின் இடது ஓரம் கும்மிருட்டு, வலது ஓரம் வெள்ளை வெளேர், நடுவில் மற்றதெல்லாம். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இடத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த இடத்தில் மேடு உயரும். மேடு இடது சுவரில் போய் முட்டினால் அங்கே இருந்ததெல்லாம் கருப்பில் போய்விட்டது என்று அர்த்தம். வலது சுவரில் முட்டினால் வெள்ளையில் போய்விட்டது. போனது போனதுதான், கம்ப்யூட்டரில் இழுத்தாலும் வராது. எங்கள் நிச்சயதார்த்தப் படங்களில் எல்லா மேடும் இடது பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பாதிக் கட்டம் காலியாகக் கிடந்தது.

பாப்பா திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். படம் மங்கியது, மேடு அப்படியே இருந்தது. ஏற்றிப் பார்த்தாள். படம் பளபளத்தது, மேடு அசையவில்லை.

"படம் பொய் சொல்லுதுக்கா. இது சொல்லல."

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் படத்தைப் பார்க்க மாட்டேன், மேட்டைத்தான் பார்ப்பேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று. ஊருக்கு அது தடை சொல்லக் கிடைத்த நேரம். எங்களுக்கு அது படிக்கக் கிடைத்த நேரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் சமைத்ததையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம். முதலில் ஒரு தட்டு இட்லி. தட்டு நிறைய, திரை நிறைய இட்லி. கேமராவைத் தன் இஷ்டத்துக்கு விட்டு எடுத்தேன். வெள்ளை இட்லிக்கு மேடு வலது பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? அது சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது. படத்தில் இட்லி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கேப்பை இட்லி" என்றாள் பாப்பா.

அடுத்து தோசைக்கல். முப்பது வருஷம் எண்ணெய் குடித்த கல், அதைவிடக் கருப்பு எங்கள் வீட்டில் இல்லை. அதையும் எடுத்தேன். மேடு மறுபடியும் நடுவில். கல் வெளிறிப்போய் அதுவும் கேப்பை நிறம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதைக் காட்டினாலும் நடுவாந்தரமாக ஆக்கிவிட வேண்டும் என்பது கேமராவின் புத்தி. வெள்ளை அதிகம் கண்டால் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். கருப்பு அதிகம் கண்டால் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். எட்டு வயதில் அவள் போட்டிருந்த வெள்ளைக் கவுனைப் பார்த்து மெஷின் பயந்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு அவள் முகம் பலியாகியிருக்கிறது.

"அப்ப என் கலரு இல்ல" என்றாள்.

"உன் கலரும் இல்ல, உன் மூஞ்சும் இல்ல. கவுனு. அந்த ஆளுக்குத் தொழில் தெரியல" என்றேன். தொண்ணூற்று மூன்றில் அடித்த அடி பத்தாது என்று தோன்றியது. இப்போது போய் இன்னொரு முறை அடிக்கலாம் என்றால் அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டது.

அம்மா வந்து பார்த்தபோது ஆறிப்போன இட்லியைச் சுற்றி நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். "கல்யாண வீட்டுல பண்ற வேலையா இது? ஜல்தியா சாப்பிட்டு எழுந்திருங்கடி" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் பாப்பாவே பாடமாக நின்றாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் வெள்ளை யூனிஃபார்மோடு பின்கட்டுக் கதவுப் பக்கம் வந்து நிற்பாள். கல்யாணப் புடவையும் வெள்ளைதான். யூனிஃபார்ம் சரியாக வந்தால் புடவையும் சரியாக வரும் என்பது அவள் கணக்கு. முதல் நாள் சுவரைப் போல விறைத்துக்கொண்டு நின்றாள். கேமரா உள்ளே வாங்குகிற வெளிச்சத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற ஏற்ற, மேடுகள் வலது பக்கம் நகர்ந்தன. யூனிஃபார்ம் பெரிய மலையாக வலது ஓரத்துக்குப் போனது. இடது பக்கம் கதவின் நிழல். இரண்டுக்கும் நடுவில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடது பக்கம், ஒரு சின்ன மேடு.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் போய் அவள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி அதே வெளிச்ச அளவில் ஒரு படம் எடுத்தேன். மலை காணாமல் போனது, நிழல் காணாமல் போனது. அந்தச் சின்ன மேடு மட்டும் அதே இடத்தில் நெடுநெடுவென்று எழுந்து நின்றது.

"அதான் நீ."

அவள் கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். தினமும் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அவளுக்கு மயிலம் மலை தெரியும். "யூனிஃபார்ம் மயிலம் மலை. நான் அதுக்குப் பக்கத்துல ஒரு மேடு. சின்னதா இருந்தாலும் கீழ ஒரு இடம் புடிச்சி வெச்சிருக்கேன் பாரு" என்றாள். அன்று முதல் எங்கள் இருவருக்கும் அது ஹிஸ்டோகிராம் இல்லை, மலைதான். "மலை எப்படிக்கா இருக்குது?" என்பாள். "மயிலம் சுவத்துல முட்டுது, கொஞ்சம் இறக்கறேன்" என்பேன். மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் அவள் விறைத்து நிற்பதை மறந்துவிட்டாள். ஒரு சாயங்காலம் அவளே வந்து "இன்னிக்கு எடுக்கலியா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்குக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம்கூடச் சிரித்துப் பேசினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனோம். மறுநாள் தாலி கட்டும் அதே காலை நேரம் அது. எனக்காக அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஃபாதர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கோயிலுக்கு ஊசி போட வந்தியா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். பீடத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். இடது பக்கத்துப் பெரிய ஜன்னலிலிருந்து நல்ல வெளிச்சம் வந்தது. மலையும் மேடும் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த வெளிச்ச அளவுகளைக் கேமராவில் அப்படியே பூட்டிவைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அம்மா பவுடர் டப்பாவோடு வந்தாள். பாப்பா டப்பாவை வாங்கி அம்மாவின் கன்னத்திலேயே கொஞ்சம் பூசிவிட்டு மூடி வைத்தாள். வெள்ளைப் பட்டுப் புடவை, தலையில் நெட்டு முக்காடு, கையில் பூங்கொத்து. மாப்பிள்ளை கருப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தாலியை மந்திரிக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர் முன்னால் வந்தார். வந்து பெரிய விளக்கைப் போட்டார்.

நான் ஒரு படம் எடுத்து மலையைப் பார்த்தேன். மேடெல்லாம் வலது சுவரில் போய் இடித்துக்கொண்டு நின்றது. அவள் நெற்றியும் கன்னமும் வெள்ளையில் போயிருந்தன. கரி வேண்டாம் என்று மூன்று வாரம் பாடுபட்டோம், கடைசியில் சுண்ணாம்பு வந்து நிற்கிறது. விளக்குக்குத் தகுந்த மாதிரி அளவைக் குறைத்தேன். அவர் விளக்கைத் திருப்பினார், அவள் மறுபடி இருட்டில் போனாள். ஏற்றினேன், விளக்கு திரும்பி வந்தது. அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு அடி முன்னால் போனார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கோயிலே அமைதியாக இருந்தது. இந்தக் கணம் திரும்ப வராது, இதற்காகத்தான் அவள் கேமரா முன்னால் நிற்கவே சம்மதித்தாள்.

"அந்த லைட்டை அணைங்கய்யா."

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் வரைக்கும் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். ஃபாதர் நிறுத்தினார். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தரையில் எதையோ தேடினார். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அணைச்சிடுங்க தம்பி. எனக்கும் கண்ணு கூசுது. ஆண்டவர்தான் ஜன்னல் வெச்சிருக்காரே."

கோயில் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. விளக்கு அணைந்தது. ஜன்னல் வெளிச்சம் மெல்லப் பழையபடி நெட்டின் மேல் வந்து படிந்தது. பாப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தாலி கட்டினார். நான் பூட்டிவைத்த அளவுக்குப் போய், அதைவிட ஒரு பிடி அதிகமாகவே வெளிச்சத்தை விட்டேன். புடவையின் தோள்பட்டையில் ஜரிகை கொஞ்சம் வெள்ளையில் போகும் என்று தெரிந்தேதான் விட்டேன். எனக்கு வேண்டியது புடவை இல்லை. எடுத்து முடித்ததும் மலையைப் பார்த்தேன். வலது ஓரத்தில் மயிலம், சுவரை லேசாக உரசிக்கொண்டு. இடது ஓரத்தில் மாப்பிள்ளையின் கோட்டு. நடுவில், எனக்கு மனப்பாடமான இடத்தில், என் தங்கை.

பூசை முடிந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட உள்ளே போனார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, காட்டு."

படத்தைத் திறந்து நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"படம் வேணாம். மலையைக் காட்டு."

காட்டினேன். மோதிர விரலை நீட்டி அந்த மேட்டைத் தொட்டாள். "ம். இருக்கேன்" என்றாள். ஃபாதரும் மாப்பிள்ளையும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று சொன்னேன். அந்த அறையில் வெயிலே வராது.

பிரிண்ட் போட விழுப்புரத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் தாலி கட்டும் படத்தைத் திறந்ததும், பழக்க தோஷத்தில் முகத்தை வெளுக்கப் போனார்.

"கல்யாணப் பொண்ணாச்சே, கொஞ்சம் ஏத்தட்டுங்களா?"

"இருக்கறபடி போட்டுக் குடுங்க. கைய வெச்சீங்கன்னா நான் இங்கேயே உக்காந்துக்குவேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்படியே போட்டுக் கொடுத்தார். அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "அவ்வளவு கடை ஏறி இறங்கி வாங்கின ஜரிகைடி, தோள்ல காணமே" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, புதுநன்மைப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டப் போனாள். மறுவீட்டுக்கு வந்திருந்த பாப்பா தடுத்தாள்.

"அதுவும் இருக்கட்டும்மா. அந்தப் பாப்பா மேல ஒரு தப்பும் இல்லை."

இன்னொரு ஆணி அடித்துப் பக்கத்தில் மாட்டினோம். இன்றைக்கும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. மாப்பிள்ளை வரும்போதெல்லாம் கல்யாணப் படத்தின் முன்னால் நின்று, "அக்கா கத்தின அன்னிக்கு எடுத்தது" என்று யாருக்காவது விளக்குவார்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, இரண்டு குழந்தை பெற்ற பிறகு, பாப்பா அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தை என் கடையில்தான் நிரப்பினோம். புதுப் போட்டோ கேட்டார்கள். ஸ்டூலை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார வைத்து எடுத்தேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை. "மேடு இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். "இருக்குது" என்றேன்.

தேர்வு விழுப்புரத்தில் நடந்தது. மத்தியானம் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சிக்கிக்கொண்டதால் நான் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம், அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாச்சு பாப்பா?"

"அக்கா, மேற்பார்வைக்கு வந்தவரு ஹால் டிக்கெட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு."

"அப்புறம்?"

"கையெழுத்து போட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போய்க்கினே இருந்தாருக்கா. ஒண்ணுமே கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே கேக்கலக்கா."

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் எப்படிப் பார்த்தார், எந்தக் கையால் டிக்கெட்டை வாங்கினார், எவ்வளவு சாதாரணமாகத் திருப்பிக் கொடுத்தார் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன். தேர்வு எப்படி எழுதினாள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.